சாவி தேடிப் போனவர்

என் அப்பாவுக்கு,

கயல் எழுதுகிறேன். எங்கே இருந்து படித்தாலும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியுங்கள். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே கண்ணைச் சுருக்கிப் படிக்கிற பழக்கத்தை அங்கேயாவது விட்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அம்மா வல்லத்திராக்கோட்டை வீட்டை விட்டு வர மாட்டேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு, தைலம் விற்றவனைத் திட்டிக்கொண்டு, நன்றாகவே இருக்கிறாள். உங்கள் பேத்தி மதி மூன்றாம் வகுப்பு போகிறாள். முன்பல் இரண்டும் விழுந்துவிட்டதால் வாயைப் பொத்திக்கொண்டுதான் பேச்சு. நான் புதுக்கோட்டையில் அதே கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்துகொண்டிருக்கிறேன். ஆனால் நலம் சொல்வதற்காக எழுதவில்லை அப்பா. நீங்கள் போய் இரண்டு வருடம் கழித்து எனக்கு ஒரு குழப்பம் வந்திருக்கிறது. அதை உங்களிடம் மட்டும்தான் கேட்க முடியும்.

'மேகத்து வாசல்' ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கார்ட்டூனைப் புதிதாக எடுக்கப் போகிறார்களாம். செய்தி போனில் வந்தபோது ஒரு பெரியவருக்குக் கண் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரை ஒரு கண்ணை மூடிய நிலையில் அப்படியே உட்கார வைத்துவிட்டு அறிவிப்பை முழுவதும் படித்தேன். "எம்மா, இந்தக் கண்ணத் தொறக்கலாமா, இப்பிடியே இருக்கவா?" என்று அவர் கேட்ட பிறகுதான் வேலை நினைவுக்கு வந்தது.

அறிவிப்புக்குக் கீழே என் வயதுக்காரர்கள் கூடி மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் பிள்ளை குட்டி பெற்றவர்கள். நரிக்குப் பழைய குரலே வேண்டும் என்றார் ஒருவர். பழசைத் தொட்டால் நடப்பதே வேறு என்றார் இன்னொருவர். நானும் என் பங்குக்கு எழுதினேன். முடிவை மட்டும் மாற்றிவிடாதீர்கள், தாராவின் அப்பா சாவியோடு வருகிற காட்சி அப்படியே இருக்க வேண்டும் என்று. யாரும் கண்டுகொள்ளவில்லை. ஒரே ஒருவர் மட்டும், "எந்தச் சாவி?" என்று கேட்டிருந்தார்.

உங்களுக்குத் தெரிந்த கதைதான். பக்கத்தில் நின்று படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஊரில் மழை இல்லை. தாரா என்கிற சிறுமியின் அப்பா மழை கேட்டு மலையில் இருக்கிற வாசல் வழியாக மேக நாட்டுக்குப் போகிறார். வாசல் மூடிக்கொள்கிறது. தாராவும் பேசுகிற நரி ஒன்றும் அவரைத் தேடிக் கிளம்புகிறார்கள். தமிழ் டப்பிங்கில் அந்த நரி அச்சு அசலாக மதுரைக்காரனாகப் பேசும். கடைசியில் தாரா வாசலைக் கண்டுபிடித்து உள்ளே காலை வைக்கிறாள். அத்தோடு சரி. அடுத்த திங்கட்கிழமை முதல் பாகத்திலிருந்து மறுபடியும் போட்டார்கள். மிச்சம் தமிழில் வரவே இல்லை. நான் கேபிள்காரர் வீட்டு வாசலில் போய் அழுததாக அம்மா இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறாள்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை சவூதியிலிருந்து உங்கள் போன் வந்தது. நான் அழுததைச் சொல்லிவிட்டு அம்மா அதை என் காதில் வைத்தாள். வெள்ளிதானே உங்களுக்கு விடுமுறை. "இங்க மெஸ்ஸு டிவியில அந்தப் படந்தான் தாயி ஓடுது. அரபியில பேசுதுக. அந்தப் பிள்ள உள்ள வந்துருச்சு" என்றீர்கள். அம்மா கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு மீதிக் கதை முழுவதும் உங்கள் வாயால் கேட்டதுதான். வெளியே போகச் சாவி வேண்டும். தாராவின் அப்பா சாவி தேடிப் போகிறார். சந்தையில் கேட்டுப் பார்க்கிறார், ராட்சசனின் வீட்டில் கேட்டுப் பார்க்கிறார், கிணற்றில் இறங்கிப் பார்க்கிறார். கடைசியில் சாவி கிடைக்கிறது, இருவரும் வீடு வந்து சேர்கிறார்கள், மழை பெய்கிறது. பள்ளிக்கூடத்தில் எனக்கு மட்டும்தான் முடிவு தெரியும். அந்த வருடம் என்னைப் பிடிக்க முடியவில்லை.

இப்போது முழுத் தொடரும் போனில் கிடைக்கிறது. முதல் பாதி தமிழில், பிற்பாதி வேறு ஏதோ மொழியில், கீழே ஆங்கில எழுத்து. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியை உட்கார வைத்துப் போட்டேன். அப்பா, சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஒரே மலை திரும்பத் திரும்ப வருகிறது. நான் பயந்து நடுங்கிய பறக்கும் நாகம் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற குழாய் மாதிரி இருக்கிறது. "ஏம்மா, இவங்க வாய மட்டும் ஆட்டுறாங்க, கையி ஆடவே மாட்டேங்குது?" என்று மதி கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தேன், அதற்குள் பாட்டு வந்துவிட்டது, நானும் கூடவே பாட ஆரம்பித்துவிட்டேன். இது நன்றாக இருக்கிறதா, மோசமாக இருக்கிறதா? இன்னும் எனக்குத் தெரியவில்லை.

பிற்பாதியை நான் மட்டும் முதலில் பார்த்தேன். அதில் சாவியே கிடையாது அப்பா.

வாசல் பூட்டியிருக்கவே இல்லை. யார் தள்ளினாலும் திறக்கிறது. தாராவின் அப்பா மேக நாட்டில் பெரிய ஆளாகிவிட்டார். சந்தையில் அவர் பேரம் பேசுகிறார், வியாபாரம் செய்கிறார். ராட்சசன் வீட்டுக்கு விருந்துக்குப் போகிறார். தாரா எதிரில் வந்து நிற்கும்போது அவளுக்கு அடையாளம் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அவருக்கு எல்லாம் நினைவிருக்கிறது. அவள் தலையைத் தடவி, "எனக்கு இங்கே ஒரு வாழ்க்கை இருக்கிறது, நீ வீட்டுக்குப் போ" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடக்கிறார். நரிதான் அவளை வீட்டுக்குக் கூட்டி வருகிறது.

முதலில் சிரித்தேன். அரபியும் தெரியாமல் கதையும் புரியாமல், படத்தை மட்டும் பார்த்து மனிதர் என்னமாய்ச் சமாளித்திருக்கிறார் என்று சிரித்தேன். பேரம் பேசுகிற ஆளைப் பார்த்தால் எதையோ கேட்டு அலைகிற மாதிரிதானே இருக்கும்? பாவம், உங்கள் மேல் எனக்கு ஆசை கூடிப்போனது.

போன மாதம் சாகுல் மாமா அறந்தாங்கியிலிருந்து கடைக்கு வந்தார். சவூதியில் உங்களோடு ஒரே அறையில் இருந்தவராயிற்றே, நானே உட்கார வைத்துக் கண் பார்த்தேன். "இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டது தெளிவா மாமா?" என்றால், "ரெண்டும் ஒண்ணு போலத்தாம்மா இருக்கு" என்று என் உயிரை எடுத்தார். சிரித்துக்கொண்டே அவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். "அரபி தெரியாம எங்க அப்பா என்ன கத விட்டுருக்காரு பாத்தீங்களா மாமா?"

அவர் கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "யாருக்கு அரபி தெரியாது, ஒங்க அப்பாவுக்கா? ஆஸ்பத்திரியில எங்க எல்லாருக்குமா டாக்டர்கிட்ட பேசுனதே அவருதானம்மா. வெள்ளிக்கெழம காலையில துணி தொவைக்கிறப்ப, ஒங்கிட்ட சொல்லப் போற கதைய எங்கிட்ட சொல்லிப் பாப்பாரு. கத அப்பிடி இல்லையேண்ணேன்னு நான் சொல்லுவேன். இருக்கட்டும் சாகுலு, புள்ள கேக்கும்லன்னுவாரு."

அதோடு அவர் நிறுத்தியிருக்கலாம். "நல்ல மனுசன். கம்பெனிய மூடுனப்ப எல்லாருக்கும் டிக்கெட் போட்டு ஊருக்கு அனுப்புனாங்க. நான் அந்த வருசந்தான் வந்தேன். அவரு மட்டும் வேற கம்பெனிக்கு மாறிக்கிட்டு அங்கிட்டே இருந்துட்டாரு" என்றார்.

"ஏன் மாமா?"

"அத அவரு சொல்லல. நானும் கேக்கல."

எங்களிடம் என்ன சொன்னீர்கள் அப்பா? "கம்பெனியில விட மாட்டேங்குறாங்க தாயி." எத்தனை வெள்ளிக்கிழமை அதைக் கேட்டிருப்பேன். எனக்குக் கல்யாணம் பேசிய பிறகுதான் ஒரேயடியாக ஊருக்கு வந்தீர்கள். வந்து நீங்கள் பேசியதைவிட டிவி பேசியதுதான் அதிகம். இவ்வளவு நாள் உங்களைப் பூட்டிய வாசலுக்கு அந்தப் பக்கம் நின்றவராகத்தான் நினைத்திருந்தேன். பூட்டவே இல்லை என்றால்? உங்களுக்கும் அங்கே ஒரு வாழ்க்கை இருந்ததா? வேறு யாரோ இருந்தார்கள் என்று சொல்லவில்லை. அந்த மெஸ், அந்த அறை, நாலு பேர் மதித்துக் கூப்பிடுகிற அரபி, அது உங்களுக்குப் பிடித்திருந்ததா? அப்படியானால் சாவிக் கதை எதற்கு? எனக்குச் சமாதானமா, உங்களுக்கா?

கோபம் வந்தது. உங்கள் படத்துக்கு அன்றைக்கு விளக்கு ஏற்றவில்லை. மறுநாள் ஏற்றினேன், அப்போதும் கோபம் போகவில்லை. இதற்கிடையில் மதி மீதிக் கதையைக் கேட்டு நச்சரித்தாள். புதிய தொடர் வரட்டும் என்று தள்ளிப் போட்டேன். புதிதில் நீங்கள் சொன்னபடி மாற்றிவிட்டால் தேவலையா, இல்லை உள்ளதை உள்ளபடி எடுத்தால் தேவலையா என்று என்னையே கேட்டால் காலையில் ஒரு பதில், சாயங்காலம் ஒரு பதில் சொன்னேன்.

போன வாரம் வல்லத்திராக்கோட்டையில் மதி தானே போனை எடுத்துப் போட்டுவிட்டாள். மொழியும் புரியவில்லை, ஓடுகிற ஆங்கிலத்தை அவளால் படிக்கவும் முடியவில்லை. நான் தடுப்பதற்குள் அந்த இடம் வந்துவிட்டது. "இந்த ஆளு ஏம்மா திரும்பிப் போறாரு?" என்று கேட்டாள்.

முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த அம்மா, தலையைத் தூக்காமல், "சாவி தேடப் போறாரு" என்றாள்.

மதி தூங்கிய பிறகு அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். சாகுல் மாமா சொன்னதையும்தான். அவள் ஆச்சரியப்படவே இல்லை. கம்பெனி மாறியது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. "ஏன் வரலன்னு நான் கேக்காத நாளா? வாரேன் வாரேன்னுவாரு, அம்புட்டுத்தான். அவரு மனசுல என்ன இருந்துச்சோ, யாருக்குத் தெரியும்" என்றாள்.

"பின்ன எதுக்கும்மா எங்கிட்ட மட்டும் கதைய மாத்திச் சொன்னாரு?"

"அதுக்கு முந்தி நீ என்னைக்கு போனுக்கு வந்த? பேசு பேசுன்னு கையப் புடிச்சு இழுத்தாலும் கட்டிலுக்கு அடியில போயி ஒளிஞ்சுக்குவ. லீவுல வந்தப்ப, இந்த மாமா எப்ப போவாருன்னு எங்கிட்ட கேட்டவதான நீ. அவரு காதுலயும் விழுந்துச்சு. அந்தக் கத வந்த பெறகுதான் வெள்ளிக்கெழமன்னா நீ முன்னாடி ஓடியாந்த."

எனக்கு அது ஞாபகமே இல்லை அப்பா. உங்களை மாமா என்று சொன்னேனா? அதைக் கேட்டதால்தான் கம்பெனி மாறினீர்களா, இல்லை அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையா? எவ்வளவு யோசித்தாலும் அங்கேயே வந்து முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

அந்தப் பிள்ளையின் அப்பா அவளை விட்டுவிட்டுப் போய்விட்டார் என்று அந்த வெள்ளிக்கிழமை உண்மையைச் சொல்லியிருந்தால், அடுத்த வெள்ளிக்கிழமை நான் வந்திருக்க மாட்டேன். அது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால் சந்தை, ராட்சசன், கிணறு என்று வாரத்துக்கு ஒன்றாக இழுத்துக்கொண்டே போயிருக்கிறீர்கள். நீங்கள் வீட்டுக்கு வர ஆசைப்பட்டீர்களா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. நான் போனுக்கு வர வேண்டும் என்று ஆசைப்பட்டீர்கள். அது மட்டும் தெரிகிறது.

புதிய தொடர் வந்ததும் மதியோடு கடைசி வரை உட்கார்ந்து பார்ப்பேன். தாராவின் அப்பா அதில் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, பாதியில் எழுந்து போக மாட்டேன். பார்த்ததை வாரா வாரம் உங்கள் படத்துக்கு முன்னால் நின்று சொல்கிறேன், ஒன்றையும் மாற்றாமல். மாற்றாமல் சொல்ல முடியுமா என்று கேட்காதீர்கள், அதுவும் தெரியவில்லை. ஆனால் ஒரு வெள்ளிக்கிழமையைக்கூட விட மாட்டேன்.

உங்களை அப்பா என்று கூப்பிடத் தாமதமாகிவிட்ட
உங்கள் மகள்,
கயல்விழி