பார்க்காமல் போட்ட பதினாறு கையெழுத்து

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கிறீர்களா. இங்கே அப்பாவுக்குச் சளி விட்டுவிட்டது, என் முழங்கால் வழக்கம்போல முனகுகிறது, மற்றபடி உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, மனசுதான் கொதிக்கிறது. உன் கடிதமும் அதோடு நீ டைப் அடித்து அனுப்பிய தாளும் கிடைத்தன. "எனக்கு எதுவும் ஞாபகம் இல்லை" என்று விசாரணையில் எழுதிக்கொடுக்கச் சொல்கிறாய், ரிட்டயர் ஆகப் பதினாலு மாசம்தானே, வாயை மூடிக்கிட்டு இரும்மா என்கிறாய். என் நல்லதுக்குத்தான் சொல்கிறாய், தெரியும். ஆனால் எனக்கு எல்லாமே ஞாபகம் இருக்கிறதே, என்ன செய்ய?

நீ அரைகுறையாகக் கேட்டதை முழுசாகச் சொல்கிறேன். எங்கள் வார்டில் கால் எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆன தச்சர் ஒருவர், வாயைத் திறந்து ஒன்றும் கேட்காத மனிதர். மதிய ஷிப்டில் வலிக்கு மார்பின் ஊசி போட்டதாக மருந்து நோட்டில் இருக்கும், அவரோ போர்வையைக் கடித்துக்கொண்டு கிடப்பார். "ஊசி போட்டாங்க சிஸ்டர், ஆனா வெறும் தண்ணிய ஏத்தின மாதிரி இருக்கு" என்றார். நோட்டைப் புரட்டினேன். போட்டது எல்லாம் என்னோடு வேலை பார்க்கும் உன் மிட்டாய்ச் சித்தி. ஆம்பூல் குப்பியில் இருப்பது பத்து மில்லிகிராம், டாக்டர் எழுதியது ஐந்து, மிச்சம் ஐந்தை இன்னொரு நர்ஸ் கண் முன்னால் கொட்டி இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும், உனக்குத் தெரியாததா. அந்த இரண்டாவது கையெழுத்து என்னுடையது. ஒன்றல்ல, பதினாறு. ஒன்றைக்கூட நான் நின்று பார்க்கவில்லை. ஷிப்ட் முடியும்போது நோட்டை நீட்டுவாள், இருபத்திரண்டு வருஷச் சிநேகிதி, கண்ணை மூடிக்கொண்டு போட்டேன். நம் தொழிலில் இதற்கு நம்பிக்கை என்று பேர் வைத்திருக்கிறோம், சோம்பேறித்தனம் என்று வைத்திருக்க வேண்டும்.

மறுநாள் சொல்லாமல் மருந்தறைக்குள் போய் நின்றேன். ஒரு சிரிஞ்சில் வெறும் சலைன் உப்புத் தண்ணீர், மருந்து இருந்த சிரிஞ்சு அவள் பாக்கெட்டுக்குள் போகிறது. சின்ன வயசில் உனக்கு மிட்டாய் வந்ததே, அதே பக்கத்துப் பாக்கெட். நோயாளியைத் தூக்கித் தூக்கிப் போன முதுகுக்கு மாத்திரையில் ஆரம்பித்தாளாம், இப்போது இந்த ஊசி இல்லாமல் அவளுக்கு ஒரு நாள் ஓடாது. என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், நானும் அழுதேன். வா, ரெண்டு பேரும் போய்ச் சொல்லிடலாம், இது வியாதி, வைத்தியம் இருக்கு என்றேன். வரவில்லை. நான் தனியாகப் போனேன்.

மேட்ரன் அம்மா என்ன சொன்னார் தெரியுமா, கை தவறி ஆம்பூல் உடைஞ்சதுன்னு எழுதிடுங்க, ஆஸ்பத்திரி பேர் கெடாது, நீங்களும் தப்பிச்சீங்க என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க என் கையையே கரண்டியாகக் கேட்கிறார்! முடியாது என்றேன். மறுநாளே சீட்டுக் கொடுக்கும் ஜன்னலில் உட்கார வைத்துவிட்டார்கள், சாப்பாட்டு மேஜையில் யாரும் பக்கத்தில் உட்காருவதில்லை. உட்கார வேண்டாம், எனக்கு இடம் தாராளம்.

வியாழக்கிழமை விசாரணை. அவள் செய்ததைச் சொல்வேன், பார்க்காமல் போட்ட என் பதினாறையும் சொல்வேன். உப்பைத் தின்றவள் தண்ணீர் குடிக்கிறேன், வேலை போனால் போகட்டும். அந்தத் தச்சர் போர்வையைக் கடித்த ஒவ்வொரு மதியத்துக்கும் என் கையெழுத்து சாட்சி, அதை விட்டுவிட்டு எனக்கு என்ன பென்ஷன். அப்பா என் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டி வைத்திருக்கிறார். உன் சித்தி போன் செய்து, "என்னைக் கொன்னுட்டியேடி" என்றாள். உயிரோடு இருந்து திட்டட்டும். மருந்தறைத் தரையில் அவளைப் பிணமாகப் பார்ப்பதைவிட எனக்கு அது போதும். போன வாரம் வைத்தியத்துக்குச் சேர்ந்துவிட்டாள், அவள் புருஷன் சொன்னார்.

நீயும் அதே மருந்தைக் கையில் எடுக்கிறவள். யார் நோட்டை நீட்டினாலும், கொட்டுவதைப் பார்த்த பிறகு பேனாவை எடு. நம்பலையா என்று முகத்தைத் தூக்கினால் தூக்கட்டும். ஊசி போட்ட பிறகு நோயாளியிடம் வலி குறைந்ததா என்று கேள், நோட்டு பொய் சொல்லும், அவர் முகம் சொல்லாது. உனக்கே முதுகு வலித்தால் டாக்டரிடம் போ, மருந்து அலமாரிப் பக்கம் போகாதே. வேளைக்குச் சாப்பிடு.

நீ அனுப்பிய தாளை இதோடு திருப்பி வைத்திருக்கிறேன். கீழே கையெழுத்துக்கு நீ விட்ட இடம் காலியாகவே இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதே. நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், யாருக்கும் தலை குனியாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை இரண்டு தரம் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா