கிளியின் காளான் குற்றிகள்

வில்லரே, மொன்றியல்
ஆகஸ்ட் 14

அன்புள்ள கிளிக்கு,

நீர் சுகமாக இருக்கிறீர் என்று எனக்குத் தெரியும். தாட்சாயினி காட்டிய படங்களில் நன்றாகச் சதை வைத்துத்தான் இருக்கிறீர். அந்தப் படங்கள் எனக்கு வரவில்லை, அவளுக்கு வந்திருக்கின்றன. மகன் டினோஜனும் மருமகளும் உம்மை நன்றாகப் பார்த்துக்கொள்வது சந்தோஷம். இங்கே நானும் என் மனுசன் குணரத்தினமும் ஏதோ இருக்கிறோம்.

மூன்று வாரத்துக்கு முன் தொலைபேசியில் நீர் சொன்னதற்கெல்லாம் நான் 'ஓம், அதுக்கென்ன' என்று சொன்னேன். அது என் பதில் இல்லை. நீர் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கதைக்கிறீர். பின்னால் மருமகள் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்கிறது. அவளும் கேட்டுக்கொண்டிருக்க நான் எதைச் சொல்ல? அதனால்தான் இந்தக் கடிதம். இதை உரத்து வாசிக்காமல் தனியே இருந்து வாசியும்.

உம்முடைய தங்கச்சி மகள் நிருஷாவின் கலியாணத்துக்கு செப்டெம்பரில் வருகிறீர், ரொக்ஸ்பரோவில் தாட்சாயினி வீட்டில் தங்கப்போகிறீர் என்றீர். அவள் வீடு பெரிதாம், அறைகள் சும்மா கிடக்கின்றனவாம். அதோடு விட்டீரா? அதே மூச்சில் 'என்ட குத்தியளையும் அவகிட்டக் குடுத்துடுங்க புஷ்பா, உங்களுக்கு ஏன் கரைச்சல், மறுகா கதைப்பம்' என்று சொல்லி வைத்துவிட்டீர். உம்முடைய மரக்குற்றிகள் கரைச்சல் என்று நான் எப்போதாவது சொன்னேனா? மறுகா கதைப்போம் என்றீரே, அந்த மறுகாவும் இன்னும் வரவில்லை.

நீரும் நானும் ஆஸ்பத்திரிச் சமையலறையில் பதினாறு வருஷம் ஒரே மேசையில் நின்று கரட் வெட்டினோம். தாட்சாயினி வேலைக்கு வந்தது நீர் ஓய்வெடுப்பதற்கு முந்திய வருஷம். கார் வைத்திருந்தாள், குளிரில் உம்மை ஏற்றி இறக்கினாள், அவ்வளவுதான். அதற்கு முன் எத்தனை வருஷம் கோட்-டெ-நெய்ஜ் மெட்ரோவுக்கு உம்மோடு பனிக்குள் சறுக்கிச் சறுக்கி நடந்தது யார்? நடந்தவளுக்கு மதிப்பில்லை, கார்ச் சீற்றைச் சூடாக்கிக் கொடுத்தவளுக்குத்தான் மதிப்பு. எரிச்சலில் எழுதுகிறாள் என்று நினைப்பீர். ஓம், எரிச்சல்தான். வயிறு பற்றி எரிகிறது. அதை மறைத்து எழுத எனக்கு வராது.

இனிக் குற்றிகளுக்கு வருகிறேன். போன வருஷம் ஏப்ரலில், குணரத்தினத்தோடு வேலை செய்கிற மார்செல் தன் காணியில் தறித்த மேப்பிளில் பத்துக் குற்றிகளைக் கொண்டுவந்து எங்கள் பின்வளவில் இறக்கினான். அதில் காளான் வளர்க்கலாம் என்று அவன் சொன்னதும் மேல்வீட்டிலிருந்து ஓடி இறங்கி வந்தவர் நீர். குணரத்தினம் துளை போட்டார். காளான் வித்து ஏற்றிய சின்ன மரமுளைகளை நாங்கள் இருவரும் சுத்தியலால் அடித்து இறக்கினோம். உமது பெருவிரல் நசுங்கியதும் அன்றுதான். துளை வாய்களை அடைக்க, நத்தார்ப் பண்டிகைக்கு வாங்கி மிஞ்சிய சிவப்பு மெழுகுதிரிகளை நீர் உருக்கினீர், நான் வெள்ளையை உருக்கினேன். சிவப்பு மெழுகு வைத்த ஐந்தும் உமக்கு, வெள்ளை ஐந்தும் எனக்கு.

முளைக்க ஒரு வருஷத்துக்கு மேல் செல்லும் என்றான் மார்செல். முதல் காளானை இரண்டு பேரும் சேர்ந்து சமைப்போம் என்று சொன்னது நீர். ஜூலை முதலாம் திகதி, ஊரே வீடு மாறுகிற நாளில், மேல்வீட்டைக் காலிசெய்துவிட்டு எட்மன்ரனுக்குப் போனதும் நீர்தான். மகன் கூப்பிட்டால் போகத்தானே வேண்டும், அதை நான் குறை சொல்லவில்லை.

அக்டோபர் முடியக் கறிவேப்பிலைச் சாடியை வழக்கம்போல உள்ளே எடுத்தேன். கறிவேப்பிலைக்குச் செய்கிறதைக் காளானுக்கும் செய்யவேண்டும்தானே என்று என்னுடைய ஐந்து குற்றிகளையும் தூக்கிவந்து, ஹீற்றருக்குப் பக்கத்தில் பழைய கம்பளி விரித்து அடுக்கினேன். உம்முடைய ஐந்தையும் எடுக்கவில்லை. இடம் இருந்தது. ஆனால் அன்று வேலை இடைவேளையில் தாட்சாயினி எல்லோருக்கும் கேட்கும்படி உம்மோடு போனில் அரைமணித்தியாலம் சிரித்துச் சிரித்துக் கதைத்தாள். அன்று பின்னேரம் நான் எடுத்தபோது, களைப்பாக இருக்கிறது என்று நீர் வைத்துவிட்டீர். அந்தக் கோபத்தில், கிடந்து விறைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உம்முடைய குற்றிகள் பனி மூடி, இருந்த இடமே தெரியாமல் போயின.

இந்த ஜூனில் விடாமல் மழை. ஒரு காலை யன்னலால் பார்த்தால், சிவப்பு மெழுகுக் குற்றிகளில் மண்ணிறக் காளான்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. சித்திரையில் நான் வெளியே கொண்டுபோய் வைத்த வெள்ளையில் ஒன்றுகூட இல்லை. தொட்டால் பட்டை கையோடு கழன்று வந்தது. குணரத்தினம் மார்செலிடம் விசாரித்தார். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தானாம். பனிக்குக் கீழே ஈரம் காயாமல் கிடந்தால்தான் காளான் வேர் தப்புமாம், ஹீற்றர்ச் சூட்டில் குற்றி காய்ந்து உள்ளே எல்லாம் செத்துப்போய்விட்டதாம். பிள்ளை மாதிரிக் கம்பளியில் வைத்துப் பார்த்தவளுக்கு விறகு, திரும்பியும் பாராமல் போனவருக்குக் காளான். இதிலுமா உமக்கு அதிர்ஷ்டம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உமக்கு ஒரு சொல்லும் சொல்லவில்லை. பறித்து, மிளகும் தேங்காய்ப்பாலும் விட்டுப் பிரட்டினேன். இறைச்சி தோற்றுப்போகும் என்று சொல்லிக்கொண்டு குணரத்தினம் மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டார். பேந்து, இது உம்மடையோ கிளியின்ரையோ என்று தெரிந்துகொண்டே கேட்டார். என்னுடையதுதான் என்றேன்.

போன சனிக்கிழமைக்கு முந்திய சனிக்கிழமை தாட்சாயினி வான் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தாள். கையுறை, பூட்ஸ் எல்லாம் போட்டிருந்தாள். 'புஷ்பாக்கா, எங்கட வளவில சீடர் வேலிக்குக் கீழ நல்ல நிழல் இருக்கு, அங்க வைக்கப்போறன், கிளியக்கா வந்து பார்த்தா சந்தோசப்படுவா' என்றாள். அதுவரை உம்முடையதையே கொடுக்கத்தான் நினைத்திருந்தேன், சத்தியமாகச் சொல்கிறேன். தேத்தண்ணி குடிக்கும்போது போனை எடுத்து உம்முடைய படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிக் காட்டினாள். பேரனின் முதல் பிறந்தநாள், நீர் புதுக் கண்ணாடி போட்டது. கண்ணாடி மாற்றியதுகூட எனக்குத் தெரியாது. நான் எழும்பிப் போய் என்னுடைய வெள்ளைக் குற்றி ஐந்தையும் தூக்கி அவளின் வானில் ஏற்றினேன். குணரத்தினம் அதைப் பார்த்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டார்.

இப்போது அவள் காலையும் மாலையும் செத்த கட்டைக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள். வேலையில் என்னிடம் வந்து, 'ஒண்டையும் காணேல்லை அக்கா, நான் ஏதும் பிழை விடுறனோ, கிளியக்கா வாறதுக்குள்ள முளைச்சிடுமோ' என்று கேட்கிறாள். முதல் தரம் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நேற்றுக் கேட்டபோது வரவில்லை, முகம் வாடிப்போயிருந்தது. அவளும் உம்மை நினைத்துத்தான் ஊற்றுகிறாள். அது விளங்கியதும் எரிச்சல் குறையும் என்று பார்த்தேன், குறையவில்லை, கூடித்தான் போயிற்று. என்றாலும் வரும் சனிக்கிழமை சிவப்புக் குற்றிகளில் இரண்டைக் குணரத்தினத்திடம் கொடுத்து ரொக்ஸ்பரோவுக்கு அனுப்புவேன். மாறிக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லச் சொல்வேன். மற்ற மூன்றும் இங்கேதான் நிற்கும். நீர் கேட்டாலும் தரமாட்டேன்.

இரவில் தங்குவதும் இங்கேதான். கலியாணத்துக்கு அவளோடு போம், அவள் காரில் போம், மண்டபத்தில் அவளுக்குப் பக்கத்தில் இரும், நான் ஒன்றும் சொல்லமாட்டேன். படுக்க மட்டும் இங்கே வாரும். எங்களுக்கு ஒரே ஒரு அறை என்பது உமக்குத் தெரியாததல்ல. குணரத்தினத்தைக் கேட்டுவிட்டேன். கட்டிலை நீங்கள் இரண்டுபேரும் வைச்சிருங்கோ, நான் ஹோலில கிடக்கிறன், கதைச்சுக் கதைச்சு என்ர நித்திரையைக் குழப்பாட்டிச் சரி என்றார்.

மேல்வீட்டில் இரண்டு மாணவர்கள் இருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள், கண்டால் பொன்ஜூர் சொல்வார்கள். வேலை பழையபடிதான். மத்தியானத்தில் நான் இப்போது மேசைக்குப் போவதில்லை, பின்கதவடியில் நின்றபடியே சாப்பிடுகிறேன். ஆறுதலாக இருந்து சாப்பிட நேரமில்லை என்று எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை கோயிலுக்கென்று வெளிக்கிட்டு, பாதியில் மனம் மாறி, நீர் போகிற மாதா கோயிலுக்குப் போனேன். எங்கள் முருகனுக்கு உம்மை அவ்வளவு பழக்கமில்லை, அவவுக்கு உம்மை நன்றாகத் தெரியும். எப்படிக் கும்பிடுவதென்று தெரியாமல் பக்கத்தில் நின்ற பெண் செய்ததைப் பார்த்து நானும் செய்தேன். உமக்கும் பிள்ளைகளுக்கும் நல்ல சுகத்தைக் கேட்டேன். இன்னொன்றும் கேட்டேன். அதை எழுதமாட்டேன். ஆனால் அவ என் சொல்லைவிட உம்முடைய சொல்லைத்தான் கேட்பா. அதனால் என்ன ஏதென்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை கிளி, புஷ்பா கேட்டதைக் கொடுத்துவிடும்படி நீரும் ஒருக்கால் அவவிடம் சொல்லும்.

என்றும் உம்முடைய,
புஷ்பராணி