பாட்டில் மாற்றும் நேரம்

மார்ச் 3, திங்கள்

காலை பத்து மணிக்கு ஏழாவது முறையாகப் பாக்டீரியாவை லேப் தொட்டியில் விட்டேன். இதற்கு முன் ஆறு முறை விட்டாயிற்று. ஒருமுறை கரண்ட் போனது. ஒருமுறை வேறு ஏதோ கிருமி உள்ளே புகுந்து குடும்பம் நடத்தியது. மற்ற நான்கு முறையும் பாக்டீரியாவுக்குள் பிளாஸ்டிக் விளைந்தது, ஆனால் சுத்தம் போதவில்லை. இதயத்துக்குள் வைக்கப்போகிற பொருளில் பாக்டீரியாவின் விஷம் இம்மி தங்கினாலும் ஆளைக் காய்ச்சலில் தள்ளிவிடும். இந்த முறையும் சொதப்பினால் துறைத் தலைவர் என்னிடம் எதுவும் சொல்ல மாட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அதற்குத் திட்டுவதே தேவலை.

நேற்று அப்பாவுக்கு மறுபடியும் விளக்கினேன். முதல் இருபத்துநாலு மணி நேரம் சர்க்கரையும் அமோனியாவும் கொடுத்து வளர்ப்போம். தொட்டி புளித்துப்போகாமல் இருக்க, அமிலத்தை முறிக்கிற ஒரு காரம் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் நாள் அந்த வேலையையும் அமோனியாவே பார்க்கும். மறுநாள் பத்து மணிக்கு அமோனியா பாட்டிலைக் கழற்றிவிட்டுக் காஸ்டிக் சோடா பாட்டிலை மாட்டுவோம். அதில் காரம் உண்டு, சத்து கிடையாது. சர்க்கரை மட்டும் இருந்தால் பாக்டீரியாவால் பெருக முடியாது. கிடைக்கிற சர்க்கரையை எல்லாம் கொழுப்பு மாதிரி உடம்பில் சேர்த்து வைக்கும். அந்தக் கொழுப்புதான் எங்கள் பிளாஸ்டிக்.

"அதாவது பட்டினி போட்டா தொந்தி போடும். நல்ல ஜீவன்" என்றார்.

அதைத் துணியாக்கி ஒரு குட்டிக் குடை செய்து, தொடையின் இரத்தக்குழாய் வழியாக அனுப்பி, இதயத்தில் இருக்கிற ஓட்டையை, எங்களிடம் இந்தத் துணியைக் கேட்டிருக்கிற இதய டாக்டரம்மா அடைப்பார். நெஞ்சைக் கிழிக்க வேண்டாம். நாளடைவில் சொந்தச் சதை வளர்ந்து ஓட்டையை மூடிக்கொள்ளும், குடைத்துணி கரைந்துவிடும். இதையும் சொன்னேன். கவனமாகக் கேட்டார். சரி, நல்ல சமயம் என்று அவருடைய இதய வால்வை மாற்றுகிற விஷயத்தை எடுத்தேன். டிவி சத்தத்தைக் கூட்டினார்.

நாளை பத்து மணி, பாட்டில்.

மார்ச் 4, செவ்வாய்

அப்பா விழுந்துவிட்டார்.

சரியாகப் பத்து மணி. லாக் புத்தகத்தில் எழுதிவிட்டுக் கையுறை மாட்டிக்கொண்டிருந்தேன் – கையுறை போட்டபின் பேனா பிடிக்க முடியாது, அதனால் எப்போதும் எழுதிவிட்டுத்தான் செய்வேன். போன் அடித்தது. கீழ் வீட்டு டீச்சர். "உங்கப்பா ரெண்டாவது மாடிப் படியில மயங்கிக் கிடக்கார்மா, பயப்படாத, வா." பயப்படாத என்றால் எப்படிப் பயப்படாமல் இருப்பது? எப்படி வீட்டுக்கு வந்து சேர்ந்தேன் என்றே தெரியவில்லை.

போனால் டீச்சர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறார். நெற்றியில் வீக்கம். "படி வழுக்கிடுச்சு" என்கிறார். எந்தப் படி வழுக்கியது? பொய். நல்லா காஞ்ச படி. மூச்சு வாங்குது, கண்ணு இருட்டுது, அதை ஒத்துக்கிட்டா என்ன குறைஞ்சிடும் இவருக்கு?

மார்ச் 5, புதன்

இழுத்துக்கொண்டு போய் டாக்டரம்மாவிடம் காட்டினேன். என்னிடம் குடைத்துணி கேட்கிற அதே டாக்டரம்மா. திரையில் வால்வைக் காட்டினார். சுண்ணாம்பு படிந்து வாய் சுருங்கிவிட்டது. "மயக்கம் வந்த பிறகு தள்ளிப்போடக் கூடாதுங்க. தொடை வழியாவே புது வால்வு வச்சிடலாம். ரெண்டு மூணு நாள்ல வீட்டுக்குப் போயிடலாம்" என்று அவ்வளவு பொறுமையாகச் சொன்னார்.

அப்பா முப்பத்தெட்டு வருஷம் லேத் பட்டறையில் இருந்தவர். திரையை ஒரு பக்கமாகத் தலை சாய்த்துப் பார்த்தார். பிறகு என்னைக் காட்டிச் சொன்னார்: "என் பொண்ணு செய்யறா இல்ல, அது வரட்டும். வந்ததும் போட்டுக்கறேன்."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் எங்கே பார்ப்பது?

ஆட்டோவில் வரும்போது ஆரம்பித்தேன். அப்பா, நான் செய்யறது ஓட்டை அடைக்கிற துணி. உங்களுக்கு ஓட்டையே இல்ல. உங்களுக்கு வேண்டியது வால்வு. அப்படியே என்னோடது உங்களுக்கு ஆகும்னாலும், மனுஷங்களுக்குப் போட இன்னும் பத்து வருஷம் ஆகும்.

"அவசரமில்ல" என்றார்.

இவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பெருமையில் சொல்கிறாரா, பயத்தில் சொல்கிறாரா? பெருமை என்றால் சந்தோஷப்படலாம். பயம் என்றால் பேசிப் புரியவைக்கலாம். இரண்டையும் கலந்து என் தலையில் கொட்டினால்?

மார்ச் 7, வெள்ளி

ஒன்றுமில்லை. சுத்தமாக ஒன்றுமில்லை.

சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். பிளாஸ்டிக் சேர்ந்திருந்தால் ஒவ்வொரு பாக்டீரியாவின் வயிற்றிலும் ஆரஞ்சு நிறத்தில் மணிமணியாக மினுங்க வேண்டும். வெறும் இருட்டு. பாக்டீரியா மட்டும் தொட்டி கொள்ளாமல் கொழுகொழுவென்று வளர்ந்து கிடக்கிறது. சுத்தம் போதவில்லை என்று அழுதேனே, இப்போது சுத்தம் செய்யக்கூட எதுவும் இல்லை.

தொட்டி மூடியைத் திறந்ததும் அமோனியா வாடை. எனக்கு உடனே புரிந்துவிட்டது. செவ்வாய் மதியம் தொட்டியைப் பார்த்துக்கொண்டது டெக்னீஷியன். பன்னிரண்டு வருஷமாக எது சொன்னாலும் தலையை மட்டும் ஆட்டுவார். மனசுக்குள் அவருக்குத் தலையாட்டி என்றுதான் பெயர். பாட்டில் காலியானதும் கைக்குக் கிடைத்த அமோனியாவை எடுத்து மாட்டியிருப்பார். லாக்கில் என் கையெழுத்தில் தெளிவாக இருக்கிறது: "10.00. சோடா பாட்டில் மாற்றியாச்சு."

எல்லார் முன்னாலும் கத்தினேன். "லேபிள் படிக்கத் தெரியாதா உங்களுக்கு? நான் ஒரு நாள் இல்லன்னா இந்த லேப் நடக்காதா?" தலையை ஆட்டினார். அது ஆமாமா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. இன்னும் ஆத்திரமாக வந்தது. துறைத் தலைவர் கண்ணாடியைத் துடைத்தார்.

மார்ச் 8, சனி

அண்ணன் ஊரிலிருந்து போன் செய்து, அப்பாவிடம் அன்பாகப் பேசிப் பார்க்கச் சொன்னான். வந்து நீ பேசு என்றேன். சிக்னல் போய்விட்டதாம்.

மார்ச் 10, திங்கள்

எட்டாவது முறைக்குத் தொட்டியைத் தயார் செய்யலாம் என்று ரசாயன அலமாரியை ஒழுங்குபடுத்தினேன். பின்வரிசையில் ஒரு சோடா பாட்டில். மூடியில் சீல் உடையாமல் இருந்தது. லேபிளில் என் கையெழுத்து: "7ஆம் முறை. 4ஆம் தேதி 10 மணிக்கு."

லாக் புத்தகத்தைத் திறந்து அந்த வரியை மறுபடி படித்தேன்.

எழுதினேன். செய்யவில்லை. எழுதிவிட்டுக் கையுறையில் ஒரு கையை நுழைத்தபோது போன் வந்தது, ஓடினேன். பாட்டில் மேசையிலேயே இருந்திருக்கிறது. பெருக்க வந்தவர்கள் பத்திரமாக அலமாரியில் வைத்திருக்கிறார்கள். அமோனியாவே மூன்று நாள் சொட்டியிருக்கிறது. பட்டினி போடவேண்டிய ஜீவனுக்கு நான் விருந்து வைத்திருக்கிறேன்.

டெக்னீஷியனிடம் போனேன். பாட்டிலைப் பார்த்ததும் அவர் ஆச்சரியப்படவில்லை. "வெள்ளிக்கிழமையே பாத்தேன் மேடம்" என்றார். பன்னிரண்டு வருஷத்தில் அவர் குரலை இவ்வளவு நேரம் கேட்டதில்லை. "செவ்வாக்கிழமை எனக்கும் வாடை வந்துச்சு. ஆனா லாக்ல மாத்தியாச்சுன்னு இருந்துச்சு. உங்க எழுத்த நான் சந்தேகப்பட்டதில்ல."

"நான் கத்தினப்ப ஏன் சொல்லல?"

"பாட்டில் மாத்தாம விட்டது உங்க அப்பா விழுந்த நாளாச்சே. சொல்ல மனசு வரல."

கூனிக்குறுகிப் போனேன். மன்னிப்புக் கேட்டேன், எல்லாரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு கேட்டேன். தலையை ஆட்டினார். பிறகு, "இப்ப எப்படி இருக்கார்?" என்றார். தேவலை என்றேன். அதுவும் பொய்தான்.

வீட்டுக்கு வந்தால் அப்பா வழக்கம்போல, "என்னம்மா, உன் சரக்கு ரெடியா?" என்கிறார். அவ்வளவுதான், எனக்குப் பொறுக்கவில்லை.

"ரெடி ஆகாதுப்பா. இனிமே அத சொல்லாதீங்க. போன தடவை மொத்தமும் குப்பை. நான்தான் கெடுத்தேன். பாட்டில மாத்தாமலே மாத்தியாச்சுன்னு எழுதி வச்சுட்டு ஓடி வந்துட்டேன். பழிய தூக்கி இன்னொருத்தர் மேல போட்டுட்டேன். இந்தக் கையால செஞ்சதத்தான் நெஞ்சுக்குள்ள வச்சுக்கப் போறீங்களா?"

அப்பா டிவி சத்தத்தைக் குறைத்தார். "எத்தன மணிக்கு மாத்தணும்?" என்றார்.

"பத்து மணிக்கு."

"நான் விழுந்தது?"

"பத்து மணிக்குத்தான்."

டிவியை அணைத்துவிட்டார். நான் சொல்லியிருக்கக் கூடாதோ? சொல்லாமல் எப்படி இருப்பது?

மார்ச் 11, செவ்வாய்

காலையில் எழுந்து வந்தால் அப்பா சட்டை போட்டு, தலை வாரி, நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

"அந்த டாக்டரம்மா நம்பர் குடு."

"எதுக்கு?"

"வால்வ மாத்திடச் சொல்லு. இல்ல, நானே சொல்றேன்." என் முகத்தைப் பார்க்காமல், "முப்பத்தெட்டு வருஷத்துல என்னால ஒரு வேலை கெட்டுச்சுன்னு ஒருத்தன் சொன்னதில்ல" என்றார்.

மூன்று மாதமாகக் கெஞ்சினேன். அழுதேன். அண்ணனை விட்டுப் பேசச் சொன்னேன். உயிர் போகும்பா என்றேன். எதற்கும் அசையாத மனிதர் ஒரு தொட்டிக் குழம்பு வீணானதற்கு அசைகிறார். இதைச் சந்தோஷமாக எடுத்துக்கொள்வதா, சண்டை போடுவதா? அடுப்படிக்குள் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து நம்பரைக் கொடுத்தேன்.

மார்ச் 13, வியாழன்

ஆஸ்பத்திரியில் மாதிரி வால்வு ஒன்றை அவர் கையில் கொடுத்தார்கள். தப்பு. முக்கால் மணி நேரம் போனது. கம்பி எந்த உலோகம், எத்தனை மடிப்பு, உள்ளே போய் எப்படி விரியும், விரியும்போது கோணினால் என்ன செய்வீர்கள். வெளியே ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். கடைசியில் அப்பா, "பினிஷிங் பரவாயில்ல" என்று திருப்பிக் கொடுத்தார்.

"மயக்க மருந்து கிடையாதுங்க. தொடையில மட்டும் மரத்துப்போக ஊசி. முழிச்சுத்தான் இருப்பீங்க. பேசக்கூட செய்யலாம்" என்றார் டாக்டரம்மா.

"பேச விடாதீங்க டாக்டர்" என்றேன். வேறொருவர் வேலை செய்யும்போது இவரால் சும்மா இருக்க முடியாது. எனக்குத்தான் தெரியும்.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். படி இறங்கத்தான் என்று நினைத்தேன். இறங்கிய பிறகும் விடவில்லை. அப்போ பயமும்தான்.

மார்ச் 18, செவ்வாய், காலை

உள்ளே கூட்டிப்போய் விட்டார்கள். இன்னும் முடியவில்லை. நடக்காததை எழுத மாட்டேன்.

அதே நாள், மதியம்

முடிந்தது. நல்லபடியாக முடிந்தது.

தொடையில் ஒரு சின்னக் கட்டு, அவ்வளவுதான். கண் திறந்திருக்கிறது. உதட்டில் இருந்த நீலம் போய்விட்டது. அது நீலமாக இருந்தது என்பதே போன பிறகுதான் எனக்குத் தெரிகிறது. எத்தனை மாதமாக அந்த உதட்டைப் பார்த்துக்கொண்டு கத்தியிருக்கிறேன். "சரியா உக்காந்துடுச்சா, ஒருதரம் செக் பண்ணிடுங்க" என்று உள்ளே இரண்டு முறை சொன்னாராம். டாக்டரம்மா இரண்டு முறையும் செக் பண்ணினாராம்.

வராந்தாவில் உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

நேற்று எட்டாவது முறை. இன்று பத்து மணி.

இப்போது முறையை மாற்றிவிட்டேன். முதலில் கையுறை. பிறகு பாட்டில். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டுப் பேனா. நேரம் கூடுதலாகத்தான் ஆகிறது. டெக்னீஷியன் பக்கத்தில் நின்று லேபிளை வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்பது என் ஏற்பாடு. பாவம், பேசாத மனிதரைப் பேச வைத்துவிட்டேன்.

அமோனியாக் குழாயின் கிளிப்பில் கை வைத்தேன், போன் அடித்தது. திரையில் அப்பா. பத்து மணி. டெக்னீஷியன்தான் போனை எடுத்து என் காதில் வைத்தார்.

"என்னப்பா? என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. பாட்டில மாத்தினியா?"

"மாத்திக்கிட்டுத்தான் இருக்கேன். இதுக்கா போன் பண்ணீங்க? இந்த நேரத்துல போன் வந்தா எனக்கு எப்படி இருக்கும்னு யோசிச்சீங்களா?"

"மொதல்ல மாத்து, அப்பறம் திட்டு."

"எங்க இருக்கீங்க?"

"நம்ம வாசல்லதான். காய்கறி வாங்கிட்டு இப்பத்தான் ஏறி வந்தேன்."

மூன்று மாடி. காய்கறிப் பையோடு. குரலில் இரைப்பு இல்லை, வார்த்தைக்கு வார்த்தை நிற்கவில்லை. யார் தூக்கச் சொன்னது பையை என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

டெக்னீஷியன், "சோடா" என்று படித்தார். கழற்றினேன், மாட்டினேன், சொட்டு விழுவதைப் பார்த்தேன். கையுறையைக் கழற்றினேன். அதன் பிறகுதான் எழுதினேன்: "10.04. சோடா பாட்டில் மாற்றியாச்சு."