ஓம் என்றால் ஆமா

புழல் அகதி முகாமில் இருக்கும் எங்கள் நாடகத்து மாலுமிக்கு,

மூன்று வாரமாக நீ ஒத்திகைக்கு வரவில்லை. படகாக நடிக்கும் நான் ராயபுரத்தில் தரை தட்டி நிற்கிறேன்.

நீ இலங்கைத் தமிழில் "ஓம்" என்று சொன்னபோதெல்லாம் நான் பூசை மணி ஆட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள், எனக்கும் ஜோராகத்தான் இருந்தது. பிறகு நீ எங்களைப் போலவே "ஆமா" என்று சொல்லத் தொடங்கினாய். அது ஜோராக இல்லை.

நாடகம் போடும் சில்வியா அக்காவிடம் நேற்று மணியைக் கொடுத்துவிட்டேன். "இன்னாடி, ஜொரம் கிரம் அடிக்குதா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

கடைசிக் காட்சியில் "கரை வந்திருச்சா?" என்று படகு கேட்டதும் எல்லோரும் சொல்லும் "ஆமா"வை "ஓம்" என்று மாற்றச் சொன்னேன். மாற்றிவிட்டார். ஒத்திகையில் ஜெரி மட்டும் கண்ணை மூடிக்கொண்டு "ஓம்ம்ம்" என்று இழுத்தான். "டேய், மந்திரம் இல்லடா, பதிலு" என்று திருத்தியது நான்தான்.

முதல் "ஓம்" உன்னுடையது. நீ சொன்னால்தான் கரை வரும். உங்கள் ஊரில் கதைத்தால் பேச்சு, எங்கள் ஊரில் கதை விட்டால் பொய். இது கதையில்லை.

ஞாயிறு மாலை நாடகம். வருவாயா? ஒரே சொல்லில் பதில் போடு. "ஆமா" செல்லாது.

இப்படிக்கு,
மணி இல்லாத படகு