டாக்டர் உன்னைக் கேட்டார், நான் பதில் சொன்னேன்

அன்புள்ள பட்டுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். நீயும் சுகம்தானே என்று எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போக இந்த முறை கை வரவில்லை. நீ சுகமாக இல்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன். போனிலேயே பேசியிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் நீ நல்லா இருக்கேம்மா என்பாய், நான் சரிடா சாப்பிட்டியா என்பேன், அதோடு இரண்டு பேருக்கும் பேச்சு தீர்ந்துவிடும். எழுதினால் நீ நடுவில் தூக்கம் வருதும்மா என்று சொல்லி வைக்க முடியாதில்லையா. கடையில் மதியம் ஆள் வராத நேரம் இது. முதலாளி சாப்பிடப் போயிருக்கிறார், லென்ஸ் துடைக்கிற துணியை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு எழுதுகிறேன்.

அப்பாவுக்கு ஒரு பெரிய அடுக்குமாடியில் குளியலறைகளுக்கு டைல்ஸ் ஒட்டுகிற வேலை கிடைத்திருக்கிறது. எல்லா மாடியிலும் ஒரே மாதிரி அறை, எந்த மாடியில இருக்கேன்னே மறந்துபோகுது என்கிறார். நாளெல்லாம் முட்டி போட்டு வேலை செய்வதால் முட்டிக்குப் பஞ்சு வைத்த உறை வாங்கிக் கொடுத்தேன், அதைப் போட்டால் கூட இருப்பவர்கள் கிரிக்கெட் மேட்ச் எத்தனை மணிக்கு மேஸ்திரி என்று ஓட்டுகிறார்களாம், கழற்றிப் பையிலேயே வைத்துக்கொண்டு வருகிறார். உன் கட்டில் மேல் மடிக்காத துணி குவிந்து கிடக்கிறது, நீ வந்தால்தான் அதற்கு விடிவு. உனக்கு இருக்கலாம் என்கிற நோயின் பேர் அப்பா வாயில் இன்னும் நுழையவில்லை. எண்டோமெட்ரியோசிஸ் என்று நிறுத்தி நிறுத்திச் சொல்லிக் கொடுத்தேன், அது யாருடி எனக்குத் தெரியாத எண்டோ மேஸ்திரி என்றார். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம், சிரித்ததே தப்பு போல அப்பா எழுந்து போய்த் தட்டைக் கழுவ ஆரம்பித்தார். உன் சித்தி கூப்பிட்டிருந்தாள். ஆபரேஷன் பண்ணிக் கட்டியத்தான் எடுத்தாச்சே, இன்னும் என்னக்கா வலி வலின்னு, காலாகாலத்துல ஒரு கல்யாணத்தப் பண்ணி வை, எல்லாம் பறந்துடும் என்றாள். நான் வழக்கம்போல ம் கொட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த அப்பா போனைப் பிடுங்கி, எனக்கு முட்டி வலி வந்ததே கல்யாணத்துக்கு அப்புறம்தாம்மா, அதுக்கு என்ன பண்ணலாம் சொல்லு என்றார். போங்க மாமா உங்ககிட்ட யாரு பேசுவா என்று வைத்துவிட்டாள். அப்பா சொன்னதை நான் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அந்த இடத்தில் வாய் வராது, அது உனக்கே தெரியும்.

வாய் வராதவளைத்தான் நம் வீட்டில் எல்லாவற்றுக்கும் முன்னால் தள்ளுவார்கள். இரண்டு பக்கத்துக் குடும்பத்திலும் முதலில் பட்டம் வாங்கியவள் நான்தானே, அதனால் பேங்க் என்றாலும் பள்ளிக்கூடம் என்றாலும் நீ போய்ப் பேசு, நீதான் படிச்சவ என்பார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் முகம் சுளிக்கக் கூடாது, வேலை முடிந்தால் போதும் என்று அவர் எதை எதிர்பார்க்கிறாரோ அதையே சொல்லிவிட்டு வரப் பழகிவிட்டேன். அந்தப் பழக்கம் உன் உடம்பில் போய் விடியும் என்று நான் நினைக்கவில்லை. ஆபரேஷன் முடிந்து இரண்டாவது முறை தூரமான பிறகு காட்டப் போனோமே, அந்த நாளைத்தான் சொல்கிறேன். வெளியே அவ்வளவு கூட்டம், டாக்டர் கண்ணெல்லாம் சிவந்து, சாப்பிடக்கூட இல்லை போலிருந்தது. உன்னைப் பார்த்துத்தான் சிரித்துக்கொண்டே, என்னம்மா வலியெல்லாம் போயிடுச்சா என்றார். நீ வாயெடுப்பதற்குள் நான், இப்போ தேவலாம் சார், நல்லா இருக்கா என்றேன். இவ்வளவு பாடுபட்டுக் கட்டியை எடுத்தவரிடம் போகவில்லை என்று எப்படிச் சொல்வது என்றுதான் எனக்குத் தோன்றியது. நீ ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்தாய், அப்புறம் குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டாய். அவர் வலி இல்லை என்று எழுதினார். திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ தண்ணீர் பாட்டிலை அடிவயிற்றில் அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்ததையும் பார்த்தேன், தையல் இழுக்கிறது போல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இங்கே கடையில் நான் செய்கிற வேலை என்ன தெரியுமா. ஒருத்தர் கண்ணில் லென்ஸை மாட்டி, எதிர்ச் சுவர் எழுத்தைக் காட்டி, தெரியுதா என்று கேட்பேன். பாதிப் பேர் சரியாகப் பார்ப்பதற்கு முன்னாலேயே தெரியுது தெரியுது என்பார்கள். என்னைச் சிரமப்படுத்தக் கூடாதாம், பரீட்சையில் தோற்றுவிட்ட மாதிரி கூச்சமாம். தெரியலைன்னா தெரியலைன்னே சொல்லுங்க, நான் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டேன், நீங்க தப்பாச் சொன்னா கண்ணாடி தப்பா வந்துடும் என்று முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பெற்ற பெண்ணை ஒரு வார்த்தை சொல்ல விடவில்லை. போன வாரம் நீ போனில் சொன்னதிலிருந்து இதுதான் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அங்கே உன்னைப் பார்க்கிற டாக்டரம்மா நம் ஆஸ்பத்திரிக் காகிதத்தைப் படித்துவிட்டு, ஆபரேஷனுக்கு அப்புறம் வலி இல்லைன்னுதானே இருக்கு, அப்போ இது எப்போ ஆரம்பிச்சது, வேலையில டென்ஷனா என்று கேட்டார்கள் என்றாய். எழுதினதுதானேம்மா அவங்களுக்குத் தெரியும், எனக்கே இப்போ சந்தேகமா இருக்கு, நானா கற்பனை பண்ணிக்கிறேனோன்னு, இனிமே நான் போகல விடுங்க என்றாய். நீ என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லை.

அதனால் செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு அந்த ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனேன். டோக்கன் கொடுக்கிற பெண், பேஷண்ட் எங்க என்றாள். வரலம்மா வெளியூர்ல இருக்கா என்றேன். பேஷண்ட் இல்லாம உங்க வயித்தையா பாக்கப் போறாரு என்றாள், வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எழுந்து வாசல் வரைக்கும் போய்விட்டேன். இப்போது போனால் இனி வரவே மாட்டேன் என்று தெரிந்தது, திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். உள்ளே போனதும் டாக்டருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. உன் பேரைச் சொன்ன பிறகு, நல்லா இருக்காளா என்றார். மறுபடியும் நாக்கு நுனி வரைக்கும் நல்லா இருக்கா சார் என்று வந்துவிட்டது பட்டு. முழுங்கிவிட்டு, அன்னைக்கு நான் தப்பா சொல்லிட்டேன் சார், அவளுக்கு வலி போகவே இல்லை, இப்போ மாசத்துல பாதி நாள் இருக்கு என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கோபப்படவில்லை. நீங்க சொன்னத வெச்சுத்தானேம்மா நான் எழுதுவேன் என்றார். அப்புறம் கம்ப்யூட்டரில் உன் படங்களைத் தேடி எடுத்து எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். கட்டிக்குள் பழைய ரத்தம் இருந்ததாம். கர்ப்பப்பைக்குப் பின்னால் இரண்டு மூன்று இடத்தில் கறுப்பாகப் புள்ளி போல இருந்ததாம், லேசாக ஒட்டிக்கொண்டும் இருந்ததாம். கர்ப்பப்பைக்கு உள்ளே இருக்கிற மாதிரியான சவ்வு வெளியே வளர்ந்திருந்தால் அப்படி இருக்குமாம், அதற்குத்தான் எண்டோமெட்ரியோசிஸ் என்று பேராம். ஒரு துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியும் அதில் தெளிவாக எதுவும் வரவில்லை, வலியும் போய்விட்டது என்று நீங்கள் சொன்னதால் அதோடு விட்டுவிட்டேன் என்றார். அப்போ அந்த நோய் இருக்கா இல்லையா சார் என்று கேட்டேன். இருக்கலாம்மா, பரிசோதனையில வரலங்கறதுக்காக இல்லைன்னு சொல்ல மாட்டேன், வலி இருக்குன்னு தெரிஞ்சிருந்தா அப்பவே மருந்து ஆரம்பிச்சுப் பார்த்திருப்பேன் என்றார்.

இதுதான் நான் கொண்டுவந்த பதில். தெளிவாகக் கேட்டுக்கொண்டு வந்து உனக்குச் சொல்லலாம் என்றுதான் போனேன், அவரிடமே தெளிவு இல்லை. ஆனால் உன் வலி கற்பனை என்று அவர் சொல்லவில்லை, அதை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டு உறுதி செய்துகொண்டேன். இடையில் போன மாதங்களை யாரும் திருப்பித் தரப்போவதில்லை. அத்தனை நாளும் நீ அந்த ஹோட்டல் வரவேற்பு மேசையில் நின்றபடி, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் வலியோடு சிரித்திருக்கிறாய். அப்பாவிடம் சொன்னேன். நான் அந்த ரூமுக்குள்ள வந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன் விடு என்றார். ஆறுதலுக்குச் சொன்னார், எனக்கு ஆறவில்லை. சித்தி, குழந்தை பிறக்குமான்னு மறக்காம கேளு என்று என்னிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். கேட்கவில்லை. அது உன்னுடைய கேள்வி, உனக்குத் தோன்றினால், தோன்றும்போது நீ கேட்டுக்கொள். வலி போகவில்லை என்பதைச் சேர்த்து, பார்த்த புள்ளிகளையும் விவரமாக எழுதி, படங்களோடு அந்த டாக்டரம்மாவுக்கே அனுப்புகிறேன் என்றார் டாக்டர், ஆனால் நான் சொன்னதை மட்டும் வைத்து அதைச் செய்ய மாட்டாராம், பெண்ணே ஒரு தடவை கூப்பிட்டுச் சொல்லட்டும் என்றார். நியாயம்தான்.

ஆகவே இதைப் படித்ததும் நம் டாக்டரைக் கூப்பிட்டுவிடு, நம்பரைத் தனிச் சீட்டில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். வலி மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதே, வெந்நீர்ப் பையைத் துணி சுற்றாமல் வைக்காதே, போன தடவை தோல் சிவந்து போயிருந்தது. உட்கார ஒரு உயரமான நாற்காலி வேண்டும் என்று உன் மேனேஜரிடம் கேள், கேட்கக் கூச்சம் வரும், என்னிடமிருந்து வந்த கூச்சம்தான் அது, இருந்தாலும் கேள். டாக்டரம்மாவிடம் வாங்கின அப்பாயிண்ட்மெண்ட்டை வேண்டாம் என்று சொல்லிவிடாதே, போய்விட்டு வா. வலி எவ்வளவு என்று கேட்டால் எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லாதே. துணைக்கு வரட்டுமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நீ வா என்றால் அடுத்த பஸ்ஸில் கிளம்பி வருவேன், வந்தால் கதவுக்கு வெளியே உட்கார்ந்துகொள்கிறேன். நீ உள்ளே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசு.

உன் வலியை உன்னிடமே கேட்டு, நீ சொன்னபடியே நம்புகிறவர்கள் உனக்குப் பக்கத்தில் இருக்கட்டும். அப்பாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். கூப்பிட மறக்காதே, என்னை இல்லை, டாக்டரை.

உன்,
அம்மா