ஞாயிற்றுக்கிழமை சங்கு ஊதாது

பொன்மலைப்பட்டி,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள பேட்ரிசியா அப்பாவுக்கு,

டெல்பின் எழுதுவது. மாதாவின் புண்ணியத்தில் நானும் மாமாவும் பேட்ரிசியாவும் சுகமாக இருக்கிறோம். நீங்களும் அங்கே சுகம் என்று எழுத ஆசைதான். ஆனால் உங்கள் சுகத்தைப் பற்றி நீங்கள் சொல்வதை இனி நான் நம்புவதாக இல்லை.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பீர்கள். போனில் நான் 'கால்' என்று வாயெடுத்தாலே அங்கே சவூதியில், தமாமில் சிக்னல் போய்விடுகிறது. வீடியோவிலும் முகத்தை மட்டும்தான் காட்டுகிறீர்கள். கடிதத்தை அப்படி வெட்டிவிட முடியாது. லீவு முடிந்து வியாழக்கிழமை விமானம் ஏறும் ஆசீர் தம்பியிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

ஒரே அறையில் இருப்பவரிடம் உங்கள் சாமர்த்தியம் பலிக்குமா? அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஈஸ்டருக்கு முன்னால் கால் பெருவிரலில் வந்த புண் இன்னும் ஆறவில்லையாம். துணியைச் சுற்றி ஷூவுக்குள் திணித்துக்கொண்டு வேலைக்குப் போகிறீர்களாம். பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடிக்கிறீர்களாம். டாக்டரிடம் போனால் கம்பெனிக்குத் தெரிந்து ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயமாம். தம்பியைத் திட்டாதீர்கள். டீயைக் கையில் கொடுத்து, கதவை மறித்து உட்கார்ந்துகொண்டு கேட்டது நான்தான்.

இப்போது இங்கே நடப்பதைக் கொஞ்சம் சொல்கிறேன். அதைச் சொன்னால்தான் கடைசியில் நான் கேட்கப்போவது உங்களுக்குப் புரியும்.

மக்களைத் தேடி மருத்துவம் வேலையில் நான் சேர்ந்தபோது, "உனக்கு எதுக்கு வீடு வீடா அலைச்சல்?" என்றீர்களே, அந்த அலைச்சல் எனக்குப் பிடித்துப்போய்விட்டது. பையில் பிரஷர் மெஷின், சுகர் மெஷின், மாத்திரை. நம் தெருவும் பின் தெருவும் என் பொறுப்பு. யாருக்கு என்ன தேவை, அது எங்கே கிடைக்கும் என்று பார்த்துச் சேர்த்துவைப்பதால் பேட்ரிசியா என்னைக் கல்யாணத் தரகர் என்கிறாள். பின் தெரு சாரா பீவிக்கு வாதம் வந்து இடது கை விழுந்துவிட்டது அல்லவா? பயிற்சி கொடுக்க வீட்டுக்கே ஆள் வருவார்கள் என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. சொல்லி வரவழைத்தேன். நேற்று அந்தக் கையாலேயே எனக்கு டீயை நீட்டினார். பாதி என் சேலையில்தான் கொட்டியது. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே அழுதோம்.

ஊரெல்லாம் என் பேச்சைக் கேட்டது, நம் வீட்டைத் தவிர. நான் மெஷினை எடுத்தால் மாமா செருப்பை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பிவிடுவார். "ஒர்க்‌ஷாப்புல இரும்பு தூக்குன கைம்மா இது, இதுல துணியச் சுத்தி என்னத்தப் பாக்கப் போற?" என்பார். ஒருநாள் சோற்றுத் தட்டை முன்னால் வைத்துவிட்டுப் பார்த்தேன். பிரஷர் எக்கச்சக்கம். மாத்திரை கொடுத்தால் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார், அது சட்டையோடு சேர்ந்து துவைபடும்.

பிறகு ஒன்றைக் கவனித்தேன். ரிட்டயராகி இத்தனை வருடம் ஆகியும், காலையில் ரயில்வே ஒர்க்‌ஷாப் சங்கு ஊதினால் மாமா எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு கேட்டில் போய் நிற்கிறார். எங்கும் போவதில்லை, சும்மா நிற்கிறார். அடுத்த நாள் சங்கு ஊதும்போது தண்ணீரும் மாத்திரையுமாக நானும் கேட்டில் போய் நின்றேன். கையை நீட்டி வாங்கிப் போட்டுக்கொண்டார். மருமகள் சொல் அம்பலம் ஏறவில்லை, சங்கு சொன்னது ஏறிவிட்டது. பக்கத்து வீட்டு வீரமலை அண்ணனும் அதைப் பார்த்துப் பழகி, தெருவில் உள்ள பழைய ஒர்க்‌ஷாப்காரர்கள் எல்லோருக்கும் சங்குதான் மாத்திரை நேரம் என்று ஆகிவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அதற்கும் ஒரு கொட்டு விழுந்தது. திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் அத்தனை பேருக்கும் பிரஷர் ஏறிக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக் கருவாடுதான் காரணம் என்று வீடு வீடாகச் சண்டை போட்டேன். வீரமலை அண்ணன் வீட்டில் கருவாட்டுச் சட்டியையே கழுவிக் கவிழ்த்துவிட்டார்கள். அடுத்த திங்கட்கிழமையும் அதே கதை. கடைசியில் மாமாதான் பச்சைப் பிள்ளை மாதிரி சொன்னார்: "நேத்து சங்கு ஊதலியேம்மா."

லீவு நாளில் சங்கு ஊதாது, அதனால் ஒருத்தரும் மாத்திரை போடவில்லை! எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. லீவு நாளில் நம் மாதா கோயிலின் முதல் பூசை மணிதான் சங்கு என்று மாமாவே தெருவில் சொல்லிவிட்டு வந்தார். மற்ற மதத்தாரும் தெருவில் இருக்கிறார்களே என்று நான் தயங்கியதற்கு சாரா பீவி, "மணி எங்க அடிச்சா என்னம்மா, மாத்திர ஒண்ணுதானே" என்று முடித்துவிட்டார். இப்போது திங்கட்கிழமையும் எல்லோருக்கும் சரியாக இருக்கிறது. கருவாட்டுக்கு மட்டும் இன்னும் முழு அனுமதி கொடுக்கவில்லை.

போன வாரம் ஸ்ரீரங்கத்தில் எங்களுக்குப் பயிற்சி. ஒரு டாக்டரம்மா சர்க்கரை உள்ளவர்களின் காலைப் பற்றிச் சொன்னார். புண் வலித்தால்கூடப் பரவாயில்லையாம், வலிக்காவிட்டால்தான் பயப்பட வேண்டுமாம். உள்ளே நரம்பு மரத்துப்போயிருக்கும், விட்டால் விரலை, காலையே எடுக்க வேண்டி வரும் என்றார். "வலியே இல்லடா, தானா ஆறிரும்" என்று ஆசீர் தம்பியிடம் சொன்னீர்களாமே. திரும்பி வரும்போது காவேரிப் பாலத்தில் பஸ் நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்த அம்மா என்னம்மா என்று கேட்கும் அளவுக்கு அழுதுவிட்டேன். இரண்டு தெருவில் எல்லோர் காலையும் தொட்டுப் பார்க்கிறேன். உங்கள் காலை மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை இது உங்கள் கைக்கு வந்துவிடும். சனிக்கிழமை டாக்டரைப் பார்த்துவிடுங்கள். ஆசீர் தம்பி கூட வருவதாக எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். பார்சலில் பருப்புப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் வைத்திருக்கிறேன். அதிரசம் இல்லை. ஏன் என்று கேட்காதீர்கள். கம்பெனி ஊருக்கு அனுப்பினால் அனுப்பட்டும். பேட்ரிசியா படிப்பை நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் இரண்டு காலோடு வந்தால் போதும்.

இன்னொன்று. ஆசீர் தம்பி நேற்று மறுபடி வந்து பேசியது மாமா காதிலும் விழுந்துவிட்டது. அதன்பிறகு டீக்கடைக்குக்கூடப் போகவில்லை. இன்று காலை சங்கு ஊதியதும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, "திங்கக்கெழமையிலேர்ந்து எனக்கு வேணாம். அவன் டாக்டரப் பாத்துட்டேன்னு சொல்லட்டும், அப்பறம் போட்டுக்கறேன்" என்றார். கெஞ்சினேன், திட்டினேன், வீரமலை அண்ணனை விட்டும் சொல்ல வைத்தேன். அசையவில்லை. ஊருக்கே மாத்திரை கொடுக்கிறவள் வீட்டில் இப்படி ஒரு பிடிவாதம். அவர் உடம்புக்கு ஒரு நாள் விடுவதும் ஆகாது, அது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

திங்கட்கிழமை இங்கே சங்கு ஊதும்போது நீங்கள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பீர்கள். மாமா மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டில் நிற்பார். போன் என் கையில் இருக்கும். சங்கு நிற்பதற்குள் கூப்பிட்டுவிடுங்கள்.

மாதா உங்களுக்கும் உங்கள் காலுக்கும் துணையாக இருக்கட்டும்.

கேட்டில் உங்கள் அப்பா பக்கத்தில் நிற்கப்போகும்,
டெல்பின்