வயிறாரச் சாப்பிட்ட கிளி

கராகஸ், செவ்வாய்

அன்புள்ள அம்மாவுக்கு, உன் முழங்கால் வலி இப்போது தேவலையா?

முதலாளியம்மா இஸ்மேனியாவின் பஞ்சவர்ணக்கிளியைத் திறந்தவெளியில் பறக்கவிட்டு, விசிலடித்ததும் கைக்குத் திரும்பப் பழக்குவதற்குள் என் உயிர் போகிறது. நேற்றுக் காலை எதிர்வீட்டுப் பனை உச்சியில் போய் உட்கார்ந்த சனியன், நான் விசிலடிக்க அடிக்க, என் குரலிலேயே கத்தியது: "நல்லாயிருக்கேம்மா! வயிறாரச் சாப்பிட்டேம்மா!"

"உங்கம்மாகிட்ட போன்ல பேசுறதத்தான் இதுக்குப் பாடம் நடத்துனியா? நாளைக்கும் இப்படின்னா மூட்டையக் கட்டு!" என்று முதலாளியம்மா எரிந்து விழுந்தார். இனி அதன் காதுபட உன்னோடு பேச முடியாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

சாயங்காலம் தானாகவே இறங்கி வந்து, என் கையிலிருந்த விதைகளைப் பிடுங்கித் தின்றது. காலையிலிருந்து வெறும் வயிறு, அம்மா.

இந்தக் கடிதத்தை நம்மூர் பஸ் டிரைவரிடம்தான் கொடுத்தனுப்புகிறேன்; பஸ் கிளம்பப் போகிறது. அவர் திரும்பி வரும்போது, நீ சுட்ட சோள அடை நாலைந்து கொடுத்தனுப்பு. கிளிக்குத்தான்.

எலியேசர்